எங்கள் வீட்டில் யாருக்கும் மஞ்சள் காமாலை வந்ததில்லை

1

காலையில் இந்த வீட்டுச் சமையலறையில் மூன்று பேரும் மூன்று வேலையில் இருப்போம். என் வீட்டுக்காரர் தேவராஜ் ஒற்றைச் சாக்ஸுக்கு ஜோடி தேடுவார். மகள் ரூத் ரொட்டிக்கு ஜாம் தடவுகிறேன் என்று மேசைக்கும் சேர்த்துத் தடவுவாள். நான் ஒரு டம்ளர் தண்ணீரோடு என் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். மாத்திரைப் பாட்டில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி நிற்கும். விருந்தாளி யாராவது இது எதற்கு என்று கேட்டால், "மனநோய்க்கு" என்பேன். நம்மூர்க்காரர்களாக இருந்தால் அதற்கப்புறம் இரண்டாவது காபி கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டால் போகட்டும், காபித்தூள் மிச்சம்.

நான் குரோம்பேட்டைக்காரி. இப்போது இருப்பது இங்கிலாந்தில், வடக்கே, மில் புகை படிந்த செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு ஊரில். இங்கே வந்தபோது ரூத் கைக்குழந்தை. இப்போது அவள் என் இங்கிலீஷைத் திருத்துகிறாள். இந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டபோதெல்லாம் குளிர், பனி, பஸ்ஸுக்குக் க்யூ நிற்பது என்று ஏதாவது எழுதி ஒப்பேற்றியிருக்கிறேன். இந்தத் தடவை அப்படி எழுத மனசு வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

அன்றைக்கு சுசீலா வந்தாள். மேற்குத் தாம்பரத்துப் பெண். கல்யாணமாகிப் புருஷனோடு குடித்தனம் நடத்த இந்த ஊருக்கு வந்து இறங்கியது அந்த வாரம்தான். என் அண்ணன் குடும்பம் போகும் சர்ச்சுக்கே அவள் வீட்டாரும் போகிறவர்கள் என்பதால், அண்ணி அவளிடம் எனக்கு ஒரு பாட்டில் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருந்தார். பாவம், அந்தப் பெண் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹீட்டர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் புதுசாக வந்த கடைகள், எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாங்க முடியாத கூட்டம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சில், நடுவே இதையும் சொன்னாள்.

"உங்க அண்ணன் பொண்ணு மெர்சிக்கு மஞ்சள் காமாலைங்க அக்கா. காலேஜுக்குக்கூடப் போறதில்ல. கீழாநெல்லியும் உப்பில்லாத கஞ்சியும்தான். டம்ளரைப் பிடிக்க முடியல, கை அப்படி நடுங்குது."

கண் மஞ்சளாக இருந்ததா என்று கேட்டேன். "கண்ணு வெள்ளையாத்தான் இருந்துச்சு அக்கா. எனக்கே அது ஒரு மாதிரியா இருந்துச்சு."

உடனே எழுந்துபோய் டெலிபோனை எடுத்து இந்தியாவுக்கு கால் புக் செய்தேன். லைன் நெருக்கடி, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, போன் பக்கத்திலேயே இருங்கள் என்றாள் ஆபரேட்டர். இருந்தேன். எதற்காக அப்படிப் பதறினேன் என்பதை, அந்த கால் வருவதற்குள் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் வீட்டில் யாருக்கும் மஞ்சள் காமாலை வந்ததில்லை. எனக்கு வந்ததாகத்தான் குரோம்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க நம்பியது.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறக்கும் சமயம். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா, அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்த சாமுவேல் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் மெர்சி, நான், இவ்வளவுதான் வீடு. ஒரு கோடையில் எனக்குத் தூக்கம் நின்றுபோனது. தூக்கம் போனால் களைப்பு வரவேண்டும் இல்லையா, வரவில்லை. உலகத்தில் எல்லாமே எனக்குப் புரிந்துவிட்டது போல ஒரு தெளிவு. ஒருநாள் பீச் போகும் ட்ரெயினில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். பல்லாவரம் தாண்டியதும் எழுந்து நின்று, பருவக்காற்று எப்படி உண்டாகிறது என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். கறிகாய்க் கூடைக்காரப் பெண்களும் ஆபீஸ் பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நன்றாகத்தான் எடுத்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பாடம் முடியும்வரை எழும்பூரில் யாரையும் இறங்கவிடவில்லை, அதுதான் தகராறு.

அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். பல் தேய்க்கக்கூட எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பாயில் படுத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். செத்துப்போவதைப் பற்றி யோசித்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

அண்ணன் பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். பொறுமையான மனுஷர். இந்த வியாதிக்கு இரண்டு முகம், ஒரு முகம் காற்றாகப் பறக்கும், இன்னொன்று குழியில் கிடக்கும், இரண்டும் ஒரே வியாதிதான் என்றார். யார் வளர்ப்பிலும் தப்பில்லை, யார் பாவமும் இல்லை, சர்க்கரை வியாதி மாதிரி கூடவே வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம் என்றார். லித்தியம் என்று ஒரு மாத்திரை எழுதினார். நம் ஊருக்கு அது அப்போது புதிது. அளவு கூடினால் விஷம், அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். எதிர்வீட்டு ஜமீலா அக்கா கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம், தோல் வியாபாரம். தெருவிலேயே டெலிபோன் இருந்த ஒரே வீடு அவர்களுடையது. என்ன ஆச்சு பிள்ளைக்கு என்று ஜமீலா அக்கா கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார், மஞ்சள் காமாலை என்று.

நல்ல தேர்வுதான், அதைச் சொல்ல வேண்டும். காமாலை என்றால் மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடக்கலாம். இளைக்கலாம், சோர்ந்து போகலாம், யாரோடும் பேசாமல் இருக்கலாம். பிறகு ஒருநாள் சுத்தமாகக் குணமாகிக் கல்யாணமும் பண்ணிக்கொள்ளலாம். மரியாதையான வியாதி. உண்மையைச் சொன்னால் ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிடும், பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் பெயரைச் சொல்லி, கீழ்ப்பாக்கம் கேஸ் என்று. கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டால் தேய்த்தாலும் போகாது என்று அம்மா பயந்தார்.

3

ஆனால் அம்மா ஒன்றை மறந்துவிட்டார். காமாலை என்று சொன்னால் ஊர் சும்மா இருக்காது.

மறுநாள் காலையிலேயே ஜமீலா அக்கா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். தினமும் வந்தார். தங்கமான மனுஷி, என்மேல் உயிர். காமாலைக்கு உப்பு ஆகவே ஆகாது, எண்ணெய் வாடையே கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா, உரிமையாகச் சமையலறைக்குள் போய்ப் பானையைத் திறந்து கஞ்சியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் அம்மாவைப் பிடிபிடியென்று பிடிப்பார்.

எனக்குக் காமாலை இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் உப்பு போட முடியவில்லை. போட்டால் பொய் உடையும். பாய் வீட்டுக் கொல்லையில் தோலுக்குப் போடும் உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும், எதிர்வீட்டில் எனக்கு ஒரு சிட்டிகை இல்லை. இந்தக் கூத்தை நம்மூரைத் தவிர வேறு எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா, சொல்லுங்கள்.

முதலில் கை நடுங்கியது. பிறகு வாந்தியும் பேதியும். நாக்கு குழறியது. நிற்கச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினேன். காமாலை முற்றிவிட்டது என்று ஜமீலா அக்கா அழுதார். அண்ணன் ஆபீஸ் போயிருந்த ஒரு பகலில் அம்மா பயந்துபோய் என்னை டாக்ஸியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் என்னைப் பார்த்ததும் ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். குழறிக் குழறி நான்தான் சொன்னேன், உப்பில்லாத கஞ்சி.

"உப்பில்லாமலா? யார் சொன்னாங்க?"

"காமாலைக்கு உப்பு ஆகாதாம் டாக்டர்."

"உனக்கு எங்கம்மா காமாலை?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார், பிறகு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரையும் ஒருவகை உப்புதான். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறிப்போய் இந்த உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது மருந்தே விஷம். வாந்தி பேதியில் தண்ணீர் குறைந்தாலும் அப்படித்தான். உப்பைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், எப்போதும் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ட்ரிப் ஏற்றிக் காப்பாற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஜமீலா அக்காவிடம், காமாலை இறங்கிவிட்டது என்று அடுத்த பொய்யைச் சொன்னார். அன்றிலிருந்து கஞ்சியில் உப்பு வந்தது. அண்ணனிடமும் அண்ணியிடமும் உடம்புக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது பரவாயில்லை என்று மட்டும் சொன்னார். உப்புக் கதையை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சையில் பாஸ், ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, வேலை கிடைத்தது என்று எதற்காவது ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தால், யார், எதற்காக என்று கவர் மேல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் அதை எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார். அந்த வாரம் அவர் வாசித்தார், எஸ்தர், மஞ்சள் காமாலையிலிருந்து பூரண சுகம் பெற்றதற்காக. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். பூரண சுகம் என்று ஆண்டவருக்கே நன்றி சொல்லியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று அம்மா அந்த வாரமே பாட்டிலைத் தூக்கி எறிந்தார். மழைக்காலம் முடிவதற்குள் வியாதி திரும்பி வந்துவிட்டது, வராமல் என்ன செய்யும்.

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. தனியாக ட்ரெயின் ஏறி டாக்டரிடம் போனேன். அன்றிலிருந்து மாத்திரை என் கையில். தேவராஜ் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, காபித் தட்டை வைத்த கையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உள்ளே மயக்கம் போடாத குறை. இவர், ரத்தம் எடுக்கப் போகும்போது துணைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். சரி, இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினேன்.

4

இங்கே வந்த புதிதில் ஒரு வேடிக்கை நடந்தது. க்ளினிக்கில் பெயரைப் பதிந்த நர்ஸ், இதற்கு முன்னால் என்னென்ன வியாதி வந்திருக்கிறது என்று கேட்டாள். பழக்க தோஷம், வாய் தானாக ஜாண்டிஸ் என்றது. அவளும் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான், போச்சு. என் ஈரலைப் பரிசோதித்தார்கள். ரத்ததானம் கூடாது என்றார்கள். ரத்தம் எடுக்கும் பெண் என்னைக் கண்டாலே ஒரு ஜோடி கையுறையை அதிகமாகப் போட்டுக்கொண்டாள். அது பொய், எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், காமாலை வரவில்லை என்று சென்னை டாக்டரிடமிருந்து சான்றிதழ் வேண்டும் என்றார்கள். வந்த வியாதிக்குச் சான்றிதழ் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வராத வியாதிக்கு வரவில்லை என்று எழுதி வாங்க வருஷக்கணக்கில் அலைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா சொன்ன ஒரு பொய் கடல் தாண்டி வந்து என் ஃபைலில் குடியிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பொய்யை நான் வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரர்களிடம் இதெல்லாம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாள் மாதக்கணக்கில் திரை போட்ட அறையிலேயே கிடந்தாள். கேட்டால் நரம்புக் கோளாறு என்றான் புருஷன். நம் காமாலைக்கு இங்கே அப்படி ஒரு பெயர்.

ரூத்துக்கு மட்டும் இந்த வெட்கமே ஒட்டவில்லை. அவள் தமிழ் பேசுவது குறைந்துகொண்டே வருகிறது, சாம்பார் வைத்தால் முகத்தைச் சுளிக்கிறாள், ஊரைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுகிறாள். எனக்கு அதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருநாள் அவளைக் கூட்டிவர நான் தாமதமாகப் போனபோது, அவள் டீச்சரிடம் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு இன்றைக்கு ரத்தம் எடுக்கிற நாள், அம்மாவின் மனசு சில சமயம் ரொம்ப வேகமாக ஓடும், சில சமயம் நின்றுவிடும், அதற்கு மாத்திரை உண்டு என்று. எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. டீச்சர் கேட்டது ஒன்றுதான், அப்படியானால் அந்த நாட்களில் ரூத் லைப்ரரியில் காத்திருக்கட்டுமா என்று. எந்தப் பூகம்பத்துக்கு எங்கள் வீடு அத்தனை வருஷம் நடுங்கியதோ, அது இங்கே இவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் மாத்திரைப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து உப்பு ஜாடி பக்கத்தில் வைத்தேன்.

5

புக் செய்த கால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிடைத்தது. அங்கே அப்போது பகல். அண்ணன் வீட்டில் இன்னும் டெலிபோன் இல்லை, அதனால் வழக்கம்போல எதிர்வீட்டு நம்பருக்குத்தான் போட்டிருந்தேன். ஜமீலா அக்காவே எடுத்தார்.

"இன்னாம்மா எஸ்தரு, சீமையிலேர்ந்தா? நல்லா கீறியா?"

அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். அண்ணனும் அண்ணியும் சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள், நான்தான் மெர்சியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"நீ ஒண்ணும் பேஜாராவாதே. இப்பத்தான் கஞ்சி குடுத்துட்டு வரேன். ஒரு கல்லு உப்பு போடல."

கஞ்சி வயிற்றில் தங்குகிறதா என்று கேட்டேன். எங்கே தங்குகிறது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறாள், காலையிலிருந்து பேச்சுகூட குழறுகிறது, நிறுத்தினால் தள்ளாடுகிறாள் என்றார். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். ஏதோ சத்து மாத்திரையாம், அண்ணி வேளை தவறாமல் கொடுக்கிறாராம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நான் கிடந்த அதே கிடை. புக் செய்த காலுக்கு மூன்று நிமிஷம்தான், அதில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. நான் விமானம் ஏறுவதற்கு முன்னால் அம்மா என் கையைப் பிடித்து ஒரு வாக்கு வாங்கியிருந்தார், எந்தக் காலத்திலும் ஜமீலாவுக்கு இது தெரியக்கூடாது என்று. அம்மா இப்போது இல்லை. அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தால் அவர் மறுபடி கால் புக் செய்யச் சொல்வார், மெதுவாகப் பேசு என்பார். அந்த வாக்கை அங்கேயே அப்போதே உடைத்தேன். வருத்தம் கொஞ்சமும் இல்லை.

"அக்கா, மெர்சிக்குக் காமாலை இல்ல. எனக்கு வந்ததும் காமாலை இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் மனசுல வியாதி. அதுக்குத்தான் மாத்திரை. உப்பை நிறுத்தினா அந்த மாத்திரை விஷமாயிடும். இப்பவே டாக்ஸி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. மாத்திரைப் பாட்டிலைக் கையோட எடுத்துக்கோங்க. அண்ணன் வர்ற வரைக்கும் நிக்காதீங்க."



"அப்ப நீ கெடந்தியே," என்றார் ஜமீலா அக்கா. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அப்பவும் நான்தானே வந்து வந்து உப்பு வேணாம், உப்பு வேணாம்னு..."

"உங்களுக்குத் தெரியாதே அக்கா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டுக் குடுத்திருப்பேனேம்மா."

அதோடு லைன் போய்விட்டது. நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை நடுவில் நின்று அழுதேன். ரூத் எழுந்து வந்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். ஏன் அந்த ஆன்ட்டியிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று இங்கிலீஷில் கேட்டாள்.

6

மறுநாள் இன்னொரு கால் புக் செய்தேன். இந்தத் தடவை அண்ணனே பாய் வீட்டில் காத்திருந்தார். எடுத்ததும் அவர் சொன்னது, "தெருவே சிரிக்குது எஸ்தர். உனக்கு இப்ப திருப்திதானே?"

மெர்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். ஜமீலா அக்கா டாக்ஸிக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. பாயின் தோல் வண்டியில் மெத்தை விரித்துக் கிடத்தி, தானும் கூடவே ஏறி உட்கார்ந்து கொண்டுபோயிருக்கிறார். அண்ணன் சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னாராம்.

"டாக்டர் உப்பைப் பத்தி உங்ககிட்ட முன்னாடியே சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னார். கொஞ்ச நாளைக்குத்தானேன்னு நெனச்சேன். அக்கா தினமும் வந்து பார்க்கறாங்களே, என்ன பண்றது?"

என் அண்ணனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மெர்சிக்கு ஒரு தும்மல் வந்தால் ஆபீஸுக்கு லீவு போடுகிற மனுஷர். அவரும் அம்மாவைப் போலப் பயந்தார், அம்மா சொன்ன அதே பொய்யைச் சொன்னார். பொய் மட்டும்தானே வீட்டில் கைமாறி வந்தது. அந்தப் பொய்யால் நான் சாகக் கிடந்த கதையை அம்மா வெட்கப்பட்டு மறைத்துவிட்டார். யாரும் கேட்கவில்லையே என்று நானும் சொல்லவில்லை. மறைக்க ஆரம்பித்தால் வியாதி மட்டுமா மறைகிறது, மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதும் கூடவே மறைந்துபோகிறது.

மெர்சியை இனி யார் கட்டுவார்கள் என்று அண்ணன் கேட்டார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"தெரு சிரிச்சா சிரிக்கட்டும் அண்ணா. அவ உயிரோட இருக்கா. கட்டறவன் ரத்தப் பரிசோதனைக்குத் துணைக்கு வர்றவனா இருப்பான். வராதவன் நமக்கு வேண்டாம்."

அவர் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

7

மெர்சி எழுதினாள். கை இன்னும் லேசாக நடுங்குவது எழுத்தில் தெரிந்தது. ஜமீலா ஆன்ட்டி தினமும் ஆஸ்பத்திரிக்கு வருகிறாராம், வந்ததும் சாப்பாட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாராம். இப்போது உப்பு குறைவாக இருந்தால் நர்ஸைப் பிடிபிடியென்று பிடிக்கிறாராம். அளவாகப் போதும் என்று டாக்டரே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். படித்துவிட்டுச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அவள் வீடு திரும்பிய வாரம் நான் ஊரில் எங்கள் சர்ச்சுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை அனுப்ப முடிவு செய்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆயர் வாசித்ததை நான் திருத்தியாக வேண்டும். ஆண்டவர் முன்னால் என் பெயரில் ஒரு பொய் நின்றுகொண்டிருக்கிறது. என்ன எழுதப் போகிறேன் என்று மெர்சிக்கு முன்கூட்டியே சொன்னேன், உன்னைப் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது என்றும் சொன்னேன். உடனே பதில் போட்டாள், என் பேரையும் போடுங்க அத்தை, இல்லேன்னா நானே தனியா ஒரு கவர் போடுவேன் என்று. பதினெட்டு வயசு. அந்த வயசில் எனக்கு இந்தத் திமிர் இருந்திருந்தால் எவ்வளவு கஞ்சியை உப்போடு குடித்திருப்பேன்.

கவர் மேல் இப்படி எழுதினேன்: எஸ்தரும் மெர்சியும், மனநோய் தீராவிட்டாலும் மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பதற்காக.

பூரண சுகம் என்று எழுத மனசு வரவில்லை. இந்த வியாதி போகாது, எனக்குத் தெரியும். போகாத ஒன்றோடு வேலைக்குப் போகிறேன், குழந்தை வளர்க்கிறேன், சண்டை போடுகிறேன், ஊறுகாய் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறேன். நன்றி சொல்ல இது போதாதா.

கவரை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அண்ணி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணி எனக்குத் தன் கையால் எழுதிய முதல் கடிதம். ஆயர் கவரை எடுத்தாராம், ஒரு தடவை மனசுக்குள் படித்தாராம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதியதை எழுதியபடியே வாசித்தாராம். மெர்சி முன் பெஞ்சில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளாம். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது யாரும் பக்கத்தில் வரவில்லை, எனக்குக் கால் கூசியது என்று அண்ணி எழுதுகிறார்.

அப்புறம் குழாயடியில் ஒரு அம்மா வந்து, கைகழுவுவது போலக் குனிந்துகொண்டு, அந்த டாக்டர் பெயர் என்ன என்று அண்ணியிடம் கேட்டாராம். காம்பவுண்ட் ஓரத்தில் வேறொருவர், அண்ணனோடு வருஷக்கணக்காக ஒரே ட்ரெயினில் ஆபீஸ் போகிறவர், அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் மகனுக்காகக் கேட்டாராம். மகனுக்கு அல்சர் என்று அத்தனை நாளும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணியின் கடிதம் இப்படி முடிகிறது: "உங்க அண்ணன் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவார்னு பயந்தேன். போகல. எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், எத்தனை மணிக்கு டோக்கன் குடுப்பாங்கன்னு எல்லாம் சொன்னார். சைக்கிளை உருட்டிக்கிட்டு கேட் வரைக்கும் போனவர் திரும்பி நின்னு அந்த மனுஷனைக் கூப்பிட்டார். 'வீட்ல உப்பைக் குறைச்சிடாதீங்க,' அப்படின்னார். 'யார் வந்து பார்த்தாலும்.'"